நான்காவது தாள்

அவள் நல்ல சூப்பர்வைசர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை முடியும்போது யாராவது, "அந்த வேலைக்கு அவளுக்குத் தகுதி இல்லை, அதான் இப்படி ஆச்சு" என்று சுலபமாகத் தப்பித்துக்கொள்வார்கள். தகுதிக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பத்தாவதுவரை முத்து முத்தாக எழுதியவள், கணக்கு சுத்தம், பேச்சில் நிதானம். ஆறு சனிக்கிழமை பயிற்சி வகுப்பில் உட்கார்ந்த ஒன்பது பேரில் அவள்தான் முதலாவதாக வந்தாள்.

குளிர்பான ஆலையில் அவளைக் கழுகு என்று கூப்பிடுவார்கள். கடைகளிலிருந்து திரும்பி வரும் காலி பாட்டில்கள் கழுவும் இயந்திரத்துக்குள் போய்ச் சுடச்சுட வெளியே வரும். இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஓடும் பட்டையில் வரிசையாக நின்றபடி, பின்னால் வெள்ளை விளக்கு எரியும் ஒரு பலகையைக் கடந்து போகும். பலகைக்கு எதிரே இரண்டு ஸ்டூல். முதல் ஸ்டூலில் இருப்பவள் வாய் உடைந்தது, விரிசல் விட்டது, அடியில் அழுக்கு ஒட்டியது எல்லாவற்றையும் பொறுக்கித் தன் காலடிப் பெட்டியில் போட வேண்டும். அவள் கண்ணுக்குத் தப்பியதை இரண்டாவது ஸ்டூல் பிடிக்க வேண்டும். இருவருக்கும் தப்பியது எங்கேயோ யாருடைய உதட்டையோ கிழிக்கும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை பெட்டி அடுக்கும் பெண்களோடு இடம் மாறிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கண்ணை மூடினாலும் பாட்டில் நகரும். கழுகு பன்னிரண்டு வருஷம் இரண்டாவது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டி ஒரு உடைசல் போனதாகப் புகார் வந்ததே கிடையாது.

முதல் ஸ்டூலில் அவளுடைய அண்ணி, அதாவது கூடப் பிறந்த அண்ணனின் மனைவி. கழுகு அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, லைன் முழுக்க அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. மேனேஜர்கூட ஒருமுறை வாய் தவறி அண்ணி என்று சொல்லிவிட்டு இருமிச் சமாளித்தார். கழுகை அந்த ஆலைக்குள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவள் அவள்தான். அண்ணன் பெரிய உழைப்பாளி இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே உலகத்தைத் திருத்துகிற ஜாதி. வீட்டில் அடுப்பு எரிந்தது அண்ணியின் ஸ்டூலால்தான்.

லைனில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து ஸ்டூல்காரி உடம்பு முடியாமல் இருந்தால், நாம் பிடித்த உடைசலில் பாதியை அவள் பெட்டியில் சத்தமில்லாமல் போட்டுவிட வேண்டும். சாயங்காலம் பெட்டியில் எண்ணும்போது அவள் எண்ணிக்கை குறையக் கூடாது. இதற்குக் கைமாத்து என்று பெயர். எந்தச் சூப்பர்வைசருக்கும் தெரியாது, எல்லாப் பெண்களுக்கும் தெரியும். கழுகு வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணிதான் அவளுக்குக் கைமாத்து போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது கழுகின் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ராத்திரி முழுக்க அவன் கட்டிலோரம், பகல் முழுக்கப் பாட்டிலோரம் என்று மூன்று மாதம் ஓடியது. அந்த மூன்று மாதமும் அவளுக்குச் சோதனைக் காலம், ஒரு தப்பு நடந்தாலும் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

தப்பு நடந்தது. ஒரு நாள் டீ இடைவேளையில் பெட்டிக்காரிகள் இருவரும் போயிருந்தபோது, கழுகு உட்கார்ந்தபடியே தூங்கிச் சரிந்தாள். அவள் முழங்கை கம்பியைத் தாண்டிப் பட்டைமேல் விழுந்தது. பாட்டில்கள் முட்டிக்கொண்டு நெருக்கின. சூடாக வந்த ஒன்று வெடித்து, ஒரு சில்லு அண்ணியின் இடது கண்ணில் ஏறியது. அண்ணி கத்தவில்லை. துணியால் கண்ணை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் கழுகை உலுக்கி எழுப்பிவிட்டு, முதல் வேலையாகப் பட்டையில் சிதறிய கண்ணாடியைக் கூட்டிப் பெட்டியில் தள்ளினாள். வாந்தி வருகிறது என்று சொல்லி கேட்டைத் தாண்டினாள். வீட்டில் தட்டு உடைந்து தெறித்தது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்தாள். அண்ணனிடமும் அதையேதான் சொன்னாள். அவர் இன்றைக்கும் விருந்தாளி யார் வந்தாலும், சமையலறையில் கண்ணைத் தொலைத்த ஒரே பொம்பளை என் பெண்டாட்டிதான் என்று சொல்லிச் சிரிப்பார்.

கண் ஆறியது, பார்வை திரும்பவில்லை. ஆலையில் வருஷத்துக்கு ஒருமுறை கண் சோதனை நடக்கும். கம்பவுண்டர் சுவரில் மாட்டும் எழுத்துப் பலகை ஒன்றேதான், மாற்றவே மாட்டார். கழுகு அதைப் பார்த்து எழுதிவந்து கொடுத்தாள், அண்ணி மனப்பாடம் செய்துகொண்டாள். பாட்டில் வருவது இடது பக்கத்திலிருந்து. அண்ணியின் கண்ணுக்கு அது பாதி தூரம் வந்த பிறகுதான் தென்படும், அதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அவள் விட்டதையெல்லாம் பக்கத்தில் கழுகு பிடித்தாள், பாதியை அவள் பெட்டியில் போட்டாள். ஒரு நாள் தவறாமல் பன்னிரண்டு வருஷம். அவள் கண் கழுகுக் கண்ணானது இப்படித்தான். இரண்டு பேருக்காகப் பார்த்துப் பார்த்து ஆனது அது.

பழைய சூப்பர்வைசர் கழுத்தில் விசிலோடு திரிந்த மனுஷன், ஓய்வு பெற்றுப் போனார். அந்த இடத்துக்கு மேனேஜர் கழுகைக் கூப்பிட்டார். ஆறு மாதம் சோதனைக் காலம், சரியாக வந்தால் நிரந்தரம், வராவிட்டால் பழைய ஸ்டூல். லைனிலிருந்து ஒரு பெண் அந்த இடத்துக்குப் போவது அதுதான் முதல் தடவை. கழுகுக்கு நாற்பத்தேழு வயது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகன் வேறு ஊரில் படித்துக்கொண்டிருந்தான், முதுகு ஸ்டூலின் வடிவத்துக்கே வளைந்துவிட்டிருந்தது. அவளுக்கு அந்த வேலை வேண்டும். வெளியே சொல்ல வெட்கப்படும் அளவுக்கு வேண்டும்.

யோசிக்காமல் போனாளா என்றால் அதுவும் இல்லை. அண்ணியிடம் போய், நான் எழுந்துவிட்டால் உங்களுக்கு யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள்.

"பதிமூணு மாசம்தானே, அதுக்கப்புறம் நானே ரிட்டையர் ஆயிடுவேன். ஓட்டிக்கலாம், நீ போ" என்றாள் அண்ணி. "நம்ம வீட்டு ஆளு மேலே நின்னா எனக்கு நல்லதா கெட்டதா?"

பயிற்சி வகுப்பு ஸ்டோர் ரூமுக்கு மேல் இருந்த நீள அறையில் நடந்தது. பயிற்சியாளர் டை கட்டிய இளைஞர், வாழ்நாளில் ஒரு பாட்டிலைக்கூடக் கழுவியிருக்க மாட்டார். ஆனாலும் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. முதல் சனிக்கிழமை எல்லோர் கையையும் பின்னால் கட்டச் சொன்னார். கையை அசைக்காமல் வாயால் மட்டும் சொல்லி, எதிரே இருப்பவரை ஓர் அட்டைப் பெட்டி மடிக்க வைக்க வேண்டும். பாதிப் பேர் பொறுக்க முடியாமல் கையை அவிழ்த்துக்கொண்டு தாங்களே மடித்துவிட்டார்கள். கழுகு மட்டும் கடைசிவரை கட்டியே வைத்திருந்தாள். அவள் சொல்லச் சொல்ல எதிரே இருந்த கிடங்குக்காரர் அழகாக மடித்து முடித்தார். "இவங்கதான் சூப்பர்வைசர்" என்றார் பயிற்சியாளர். "தொழிலாளியோட வேலையை நாம செஞ்சிட்டா, அவங்க குறை நமக்குத் தெரியாமலே போயிடும்."

அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதும்போது அவள் பேனா கொஞ்சம் நின்றது, பிறகு எழுதியது.

மற்றதையும் ஒன்று விடாமல் கற்றாள். புகழ்வதை நாலு பேர் முன்னால் புகழ வேண்டும், குறையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஆளைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். பேசியதை அன்றைக்கே தாளில் எழுதிப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். பேச்சை எப்போதும் நன்றி சொல்லி முடிக்க வேண்டும். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று, தன் முகத்தையே ஒரு தொழிலாளியாக வைத்துக்கொண்டு பேசிப் பழகினாள்.

லைனில் நல்லது நடந்ததும் உண்மை. விசில் நின்றது. இருபது நிமிஷ முறையைப் பதினைந்தாக்கினாள். மேனேஜரோடு மல்லுக்கட்டி ஸ்டூல்களுக்கு முதுகுச் சாய்வு வாங்கினாள். பெட்டி அடுக்கும் ஒருத்திக்குக் கை நடுங்குவதைக் கவனித்து அவளாகவே மருந்துக்கு அனுப்பிவைத்தாள். ஒரு மாதத்தில் கடைகளிலிருந்து வரும் புகார் பாதியானது. பெண்கள் அவளைச் சிரித்த முகத்தோடு பார்த்தார்கள். இதெல்லாம் பொய்யில்லை, இன்றைக்கும் அந்த லைனில் முதுகு சாய உட்கார்கிறவர்கள் அவளால்தான் சாய்கிறார்கள்.

இரண்டாவது ஸ்டூலுக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர். கண் கூர்மைதான், ஆனால் தனக்காக மட்டும் பார்க்கிற கண். அண்ணி விட்டதையெல்லாம் பிடித்துத் தன் பெட்டியிலேயே போட்டுக்கொண்டாள். சாயங்காலம் எண்ணும்போது ஒரு பெட்டி நிரம்பியும் மற்றது பாதியுமாக நின்றன. அதைவிடப் பெரிய தலைவலி, அப்போதுதான் புதிதாக வந்த சோதனை பாட்டில். மணிக்கு மூன்று முறை, அடியில் சிவப்புப் புள்ளி வைத்த உடைந்த பாட்டிலைச் சூப்பர்வைசர் பட்டையில் வைப்பார். முதல் ஸ்டூல் அதைப் பிடிக்கிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். கழுகு அண்ணியின் முறை வரும்போது மட்டும், சோதனை பாட்டிலுக்கு முன்னும் பின்னும் இரண்டு பாட்டில் அளவு இடம் விட்டு வைப்பாள். தனியாக வந்தால் அண்ணிக்குப் பார்க்க நேரம் கிடைக்கும். ஐந்து வாரம் இப்படி ஓடியது. ஆறாவது வாரம் ரேடியோ டீ குடித்துக்கொண்டே, "அண்ணிக்கு மட்டும் பாட்டில் தனியா ஊர்வலம் வருதே, மேளம் ஒண்ணுதான் குறை" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கழுகும் சிரித்தாள். அன்று முதல் இடைவெளி விடுவதை நிறுத்தினாள்.

கடைசிச் சனிக்கிழமை அவள் வகுப்பில் இருந்தபோது மேனேஜரே சோதனை பாட்டில் வைத்தார். அண்ணி மூன்றில் ஒன்றைப் பிடித்தாள். திங்கட்கிழமை காலை கழுகைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் அண்ணி தவறவிட்ட இரண்டு பாட்டில்களும் சிவப்புப் புள்ளி தெரியக் கவிழ்ந்து நின்றன.

அண்ணியின் கண் சரியில்லை, லேபிள் அறைக்கு மாற்றிவிடலாம், பதினோரு மாதம்தான் பாக்கி என்று கழுகு வகுப்பில் கற்ற நிதானத்தோடு எடுத்துச் சொன்னாள். மேனேஜர் கெட்டவர் இல்லை. காது கொடுத்துக் கேட்டார்.

"கண்ணு எப்படிப் போச்சு?" என்று கேட்டார்.

கழுகின் வாயில் பன்னிரண்டு வருஷமாகத் தயாராக இருந்த பதில் தானாக வந்தது. "வீட்ல, சார். தட்டு உடைஞ்சு தெறிச்சது."

அவர் வருத்தத்தோடு தலையாட்டினார். ஆலைக்குள் பட்ட காயம் என்றால் சட்டப்படி வேறு வேலை கொடுத்தே ஆக வேண்டும், யாரும் வெளியே அனுப்ப முடியாது, வீட்டில் பட்டதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். முறைப்படி மூன்று தடவை பேசி மூன்று தாள் எழுதுங்கள், முன்னேற்றம் இருக்கிறதா பார்ப்போம் என்றார். உங்கள் சோதனைக் காலத்தில் இது ஒரு நல்ல பரீட்சை என்றும் சொன்னார்.

வாய் திறந்துதான் இருந்தது. சார், ஒரு நிமிஷம் என்று சொல்ல அதே வாய் போதும். நடந்ததைச் சொன்னால் அண்ணி பிழைப்பாள். விபத்தை மறைத்தவள், பட்டையில் தூங்கியவள், பெட்டி எண்ணிக்கையில் பன்னிரண்டு வருஷம் ஏமாற்றியவள் என்று தான் போவாள், ஸ்டூலுக்குக்கூட இல்லை, கேட்டுக்கு. இதை அவள் மேஜைமேல் இருந்த இரண்டு பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே கூட்டிக் கழித்தாள். பிறகு, சரி சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

முதல் பேச்சு ஸ்டோர் ரூமில், எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டு நடந்தது. அண்ணிக்கு முதலில் சிரிப்பாக வந்தது. காலையில் ஒரே பஸ்ஸில் வந்தவர்கள், ஒரே டப்பாவைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள், இப்படி முட்டிக்கு முட்டி உட்கார்ந்து 'கவனித்த விஷயம்', 'எதிர்பார்ப்பு' என்று பேசுவது நாடகம் மாதிரி இருந்தது. கழுகு எழுதியதைப் படித்துக்காட்டினாள். தொழிலாளியின் இடது கண்ணில் பல வருஷங்களுக்கு முன் வீட்டில் ஏற்பட்ட காயத்தால் பார்வைக் குறைவு உள்ளது என்ற வரியும் அதில் இருந்தது. அந்த வரி வந்தபோது அண்ணி தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"அது இருக்கணுமா?" என்றாள்.

"காரணம் எழுதினாத்தான் அனுதாபம் வரும் அண்ணி" என்றாள் கழுகு. சொல்லும்போது அதைப் பாதி நம்பவும் செய்தாள், அதுதான் கொடுமை.

அண்ணி கையெழுத்துப் போட்டாள். கிட்டத்து எழுத்து அவள் வலது கண்ணுக்கும் எறும்பு ஊர்வதாகத்தான் தெரியும், அதனால் கழுகு அவள் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்தாள். முடிவில், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்றாள்.

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். "நமக்குள்ள என்னடி நன்றி? யாரோ மூணாம் மனுஷிகிட்ட சொல்ற மாதிரி."

இரண்டாவது பேச்சில் சிரிப்பு இல்லை. மூன்றாவதில் கேள்வியும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சோதனை பாட்டில் முறைப்படி போனது, இடைவெளி இல்லாமல், எல்லோருக்கும் போவதுபோல. ஒரு மத்தியானம் கழுகு பட்டையின் மறு ஓரத்தில் நின்றிருந்தாள். உடைந்த பாட்டில் அண்ணியைத் தாண்டுவதை, எட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நின்று பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளே அறியாமல் கட்டிக்கொண்டாள் என்று சொல்லலாம், ஆனால் அறிந்துதான் கட்டிக்கொண்டாள்.

லைனில் பேச்சு மாறியது. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிறாள் என்றார்கள். ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறாள் என்றார்கள். கைமாத்து நின்றுபோனது, யாருக்கு யாரும் போடவில்லை. ரேடியோகூட அடங்கிவிட்டாள். பெண்கள் அவளைக் கழுகு என்று கூப்பிடுவதை விட்டு மேடம் என்றார்கள்.

மூன்றாவது தாள் போன பத்தாம் நாள் அண்ணிக்குக் கடிதம் வந்தது. மூன்று முறை ஆலோசனை வழங்கியும் முன்னேற்றம் இல்லாததால், காயம் வேலை சார்ந்தது அல்ல என்பதால், பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். ஓய்வுக்குப் பத்து மாதம் இருந்தது. அதோடு முழுச் சேவைக்குக் கிடைக்க வேண்டிய பணமும் போனது. அதே வாரம் கழுகுக்கும் ஒரு கடிதம் வந்தது. கடினமான ஒரு விஷயத்தை நேர்மையாகவும் முறையாகவும் கையாண்டதற்காக, ஆறு மாதம் முடியும் முன்பே நிரந்தரம். பயிற்சியாளர் அந்த மூன்று தாளையும் பெயரை மறைத்து, அடுத்த வகுப்புக்கு மாதிரியாக நகலெடுத்துக்கொண்டார்.

பத்து நாள் கழுகு அண்ணன் வீட்டுப் பக்கம் போகவில்லை. பதினோராம் நாள் அண்ணியே ஆள் சொல்லியனுப்பினாள்.

சாயங்காலம் போனாள். இரண்டு அறை வீடு, முன்னறையில் டிவி ஓடியது. அண்ணன் அவளைப் பார்த்ததும், வா மேடம் என்று கிண்டலாக வரவேற்றார். அவர் குரலில் கோபமே இல்லை, தங்கை என்ன செய்திருக்க முடியும், மேலிடம் சொன்னால் செய்துதானே ஆக வேண்டும் என்று அவராகவே அவளுக்காக வாதாடினார். அண்ணி அவர் கையில் பையைக் கொடுத்து, கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்கிவரச் சொன்னாள். சர்க்கரை இருக்கிறதே என்றார். இன்னும் வேண்டும் என்றாள்.

அவர் செருப்புச் சத்தம் படியில் இறங்கித் தேயும்வரை அண்ணி வாசலிலேயே நின்றாள். பிறகு டிவியை அணைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். தலைமை அலுவலகத்துக்கு முறையீடு செய்யும் படிவம். மேலே கீழே அச்சடித்த வரிகள், நடுவில் கோடு போட்ட கட்டம், 'மேற்பார்வையாளர் அறிக்கை' என்று தலைப்பு. பதினைந்து நாளுக்குள் போக வேண்டும், நாலு நாள்தான் மிச்சம் இருந்தது.

"நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல" என்றாள் அண்ணி. "உங்க அண்ணன்கிட்டகூட இல்ல. இனிமேலும் திறக்க மாட்டேன். ஆனா நானா போய்ச் சொன்னா எவனும் நம்ப மாட்டான், நானே மூணு தாள்ல வீட்ல பட்டதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். நீ எழுதினா நம்புவாங்க. உனக்கு இப்ப நிரந்தரம் ஆயிடுச்சு, சட்டுனு தூக்க முடியாது. திட்டுவாங்க, ஒரு பதவி இறக்குவாங்க, அவ்வளவுதான். எனக்குப் பத்து மாசம் லேபிள் ஒட்டக் குடுத்தாப் போதும்."

கழுகு படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நடந்ததை நடந்தபடி எழுது. வேற ஒண்ணும் வேண்டாம்."

அண்ணி பேனாவையும் எடுத்து வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் நாத்தனாரிடம் கேட்டது இது ஒன்றுதான். கேட்ட விதத்தில் சண்டை இல்லை, குத்தல் இல்லை, நீ எனக்குச் செய்ய வேண்டியது என்ற கணக்குகூட இல்லை. இருந்திருந்தால் கழுகுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம்.

கழுகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். எழுத வேண்டியது அவளுக்குத் தெரியும். வாக்கியம் வாக்கியமாகத் தெரியும். எந்த வருஷம், எந்த நேரம், யாருடைய முழங்கை. வகுப்பில் முதலாவதாக வந்தவளுக்கு அதை எட்டு வரியில் எழுதத் தெரியாதா? எட்டு வரி எழுதினால் அண்ணிக்கு லேபிள் அறை. தனக்கு என்ன ஆகும்? பதவி இறக்குவார்கள் என்று அண்ணி சொன்னாள், ஆனால் அண்ணிக்கு என்ன தெரியும், விதிப் புத்தகத்தைப் படித்தவள் கழுகு. மேடம் போகும். நிரந்தரம் ஆகிவிட்டது என்று மகனுக்கு எழுதிய கடிதம் பொய்யாகும். அந்தப் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கக் கேட்டைத் தாண்ட வேண்டும். பேனா முனையைக் காகிதத்துக்கு அரை விரற்கடை மேலே வைத்துக்கொண்டு அவள் கையை நகர்த்தினாள். இடமிருந்து வலம், மறுபடி இடமிருந்து வலம். கட்டம் முழுவதும் அப்படி நகர்த்தினாள். ஒரு சொட்டு மை ஒட்டவில்லை.

அண்ணி எதிரே கைகட்டி உட்கார்ந்து, நகரும் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"எல்லாம்?"

"எல்லாம் அண்ணி. நானே மேலே குடுத்துடறேன்."

படித்துக்காட்டு என்று அண்ணி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கழுகு வாயால் எட்டு வரியும் சொல்லியிருப்பாள், அதற்கும் தயாராகத்தான் இருந்தாள். அண்ணி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அச்சடித்த வரியும் கோடும் கட்டமும் அவள் கண்ணுக்கு எப்போதும்போல எறும்பாக ஊர்ந்திருக்க வேண்டும். ஆள்காட்டி விரலை நீட்டினாள். கழுகு அந்த விரலைப் பிடித்து, கையெழுத்துக் கோட்டின்மேல் வைத்தாள். வேலைக்குச் சேர்ந்த அன்று முதல் கொஞ்சமும் மாறாத அந்தப் பெரிய பெரிய எழுத்துகளில், வெறும் கட்டத்துக்குக் கீழே, அண்ணி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

கழுகு தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். படியில் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணி டிவியை மறுபடி போட எழுந்தவள், போகிற வழியில் நின்று, நாத்தனாரின் தோளில் கை வைத்தாள்.

"ரொம்ப நன்றிம்மா" என்றாள்.